சொத்து மதிப்பீட்டாளர்கள் தரவுச் சந்தா எடுப்பதற்கு முன் கவனிக்கவேண்டியவை

நான்கறை மறுவிற்பனை வீடு ஒன்றை 600,000 வெள்ளிக்கு வாங்க ஒரு குடும்பம் ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் உரிமைப் பத்திரம் கைக்கு வந்தபிறகு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) மதிப்பு கேட்கிறார்கள். 580,000 வெள்ளி என்று பதில் வருகிறது. வீட்டுக்கடன், விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே கணக்கிடப்படும். 75 விழுக்காட்டுக் கடன் என்றால் 435,000 வெள்ளி கிடைக்கும். மதிப்பில் எஞ்சிய 145,000 வெள்ளிக்கு மத்திய சேமநிதியைப் (மசேநி) பயன்படுத்தலாம். ஆனால், விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள 20,000 வெள்ளியைக் கடனாலோ மசேநி சேமிப்பாலோ ஈடுகட்ட முடியாது. அது முழுவதும் ரொக்கம்.

2014ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதிக்கு முன்பு, விற்பவர் முதலில் மதிப்பைப் பெற்று, அதன்மேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசுவது வழக்கம். அன்றுமுதல் விலையை ஒப்புக்கொண்ட பிறகே வாங்குபவர் மதிப்பைக் கேட்க முடிகிறது. அதனால், மதிப்பு குறைவாக வந்தால் குடும்பம் அந்த அதிர்ச்சியை நடுவழியில்தான் சந்திக்கிறது.

அந்த 580,000 வெள்ளிக்குப் பின்னால் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் அண்மைய விற்பனைகளின் தரவு இருக்கிறது. தனியார் வீடு, கடைவீடு, தொழிற்கூடம் என எந்தச் சொத்தானாலும் இதே கதைதான். வாரிசுகளிடையே பாகப்பிரிவினை, மணமுறிவு வழக்கு, மறுநிதியளிப்பு என மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் இடங்கள் பல. தவறான ஒப்பீடு ஒன்று அறிக்கைக்குள் நுழைந்தால், அதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்.

சிங்கப்பூரில் சொத்து மதிப்பீட்டாளராகத் தொழில் செய்ய, மதிப்பீட்டாளர் சட்டத்தின்கீழ் உள்நாட்டு வருவாய் ஆணையம் வழங்கும் உரிமம் வேண்டும். சொத்து முகவர்களின் பதிவு வேறு. மதிப்பீட்டாளரின் உரிமம் வேறு. அறிக்கையில் கையெழுத்திடுபவர் மதிப்பீட்டாளர். “நான் சந்தா கட்டிய தளத்தில் அப்படித்தான் இருந்தது” என்று அவர் பின்னர் சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தத் தரவுச் சேவைக்குப் பணம் கட்டுவது என்பது அவருடைய பெயரையும் உரிமத்தையும் தொடும் முடிவு.

எண்ணின் பிறப்பிடம்

சேவை நிறுவனங்களின் விளம்பரம் எத்தனை இலட்சம் பதிவுகள் இருக்கின்றன என்று சொல்லும். மதிப்பீட்டாளருக்கு முதலில் தெரியவேண்டியது, திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணும் எங்கே பிறந்தது என்பது. சொத்துத் தளங்களில் நான்கு வகை எண்கள் கலந்து வரும்.

முதல் வகை, பதிவான விற்பனை. தனியார் சொத்துகளில் இது பெரும்பாலும் ‘கேவியட்’ வழியாக வருகிறது. சொத்தை வாங்குபவர் தமது உரிமையைப் பாதுகாக்கச் சிங்கப்பூர் நில ஆணையத்தில் பதியும் அறிவிப்பே கேவியட். வீவக மறுவிற்பனை வீடுகளுக்குக் கழகத்தின் சொந்தப் பதிவே ஆதாரம்.

இரண்டாவது வகை, வாடகை ஒப்பந்தம். முத்திரைத் தீர்வைக்காக உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வரும் ஒப்பந்தங்களிலிருந்து தனியார் வீட்டு வாடகைத் தரவு பெறப்படுகிறது.

மூன்றாவது வகை, கேட்கும் விலை. விற்பவரோ அவருடைய முகவரோ விளம்பரத்தில் போடும் தொகை அது. சந்தையின் மனநிலையை அது காட்டலாம். விற்பனைக்குச் சான்று ஆகாது.

நான்காவது வகை, கணினி மதிப்பு. பழைய விற்பனைகளை வைத்து ஒரு சூத்திரம் போட்டுத் தரும் எண் இது. பார்க்கத் துல்லியமாக இருக்கும். ஆனால், சமையலறையில் நீர்க்கசிவு இருப்பதோ, சன்னலுக்கு எதிரே விரைவுச்சாலை ஓடுவதோ அதற்குத் தெரியாது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி நடப்புக்கு வந்த அனைத்துலக மதிப்பீட்டுத் தரநிலைகளில், தரவுக்கென்றே 104ஆம் எண் கொண்ட தனிப்பகுதி உள்ளது. தரவு துல்லியமாகவும் காலத்துக்கு ஏற்றதாகவும், அதன் மூலத்தைத் தேடிச் செல்லக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. மதிப்பீட்டாளரின் தொழில்முறைத் தீர்ப்பு இல்லாமல் கணினி மட்டும் தரும் எண், அந்தத் தரநிலைக்கு உட்பட்ட மதிப்பீடு ஆகாது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. நான்கு வகை எண்களையும் வேறுபடுத்திக் காட்டாத சேவை எவ்வளவு அழகான வரைபடம் போட்டாலும் மதிப்பீட்டுப் பணிக்கு உதவாது.

இலவசமாகவே கிடைப்பவை

பணம் கட்டுவதற்கு முன், பணமின்றிக் கிடைப்பதை முழுமையாகப் பயன்படுத்தவேண்டும்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் தனியார் வீடுகளின் கடந்த 60 மாத விற்பனைகளை யாரும் தேடலாம். திட்டத்தின் பெயர், தெரு, விலை, பரப்பளவு, விற்பனை வகை, உரிமைக் காலம் ஆகியவை அதில் இருக்கும். மாடி எண் ‘6 முதல் 10 வரை’ என்பதுபோல் தொகுப்பாகவே வரும். வீட்டு எண் இராது.

வீவக மறுவிற்பனை விலைகள் அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளத்தில் 1990ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. புளோக் எண், தெரு, வீட்டு வகை, சதுர மீட்டர் பரப்பளவு, எஞ்சிய குத்தகைக் காலம், விலை என்று வரிசையாகப் பதிவிறக்கலாம். இங்கும் மாடி மூன்று மூன்றாகத் தொகுக்கப்பட்டிருக்கும். உறவினர்களுக்கிடையே நடந்த விற்பனை போன்று முழுச் சந்தை விலையைக் காட்டாதவை நீக்கப்பட்டிருக்கும்.

நில ஆணையத்தின் ‘ஒன்மேப்’ வரைபடமும், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடமும் இலவசம். தொழிற்கூடங்கள், கிடங்குகள் ஆகியவற்றின் விலை, வாடகை நிலவரத்தை ஜேடிசி கழகம் வெளியிடுகிறது. ஒரு குறிப்பிட்ட சொத்தின் உரிமைப் பதிவை உறுதிசெய்ய, நில ஆணையத்தின் ‘இன்லிஸ்’ சேவையில் ஒவ்வொரு தேடலுக்கும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

மாதத்துக்கு ஓரிரு வீவக வீடுகளை மட்டும் பார்ப்பவருக்கு இவையே பெரும்பாலும் போதும்.

சந்தாவுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

நகர மறுசீரமைப்பு ஆணையமே ‘ரியாலிஸ்’ என்ற கட்டணச் சேவையை நடத்துகிறது. தனியார் வீடுகளோடு வர்த்தக, தொழிற்சாலைச் சொத்துகளின் விற்பனைகளும் அதில் உள்ளன. இலவசத் தளத்தின் ஐந்தாண்டு எல்லையைத் தாண்டி, 1990களின் நடுப்பகுதிவரை பின்னோக்கிச் செல்லலாம். வீட்டு எண்ணுடன் முழு முகவரியும் தெரியும்.

முழு முகவரியின் அருமை மதிப்பீட்டாளருக்குத் தெரியும். ஒரே கொண்டோமினியத்தில் 12ஆம் மாடி வீடுகள் இரண்டு. ஒன்று நீச்சல் குளத்தைப் பார்க்கிறது. மற்றது பக்கத்துக் கட்டடத்தின் சுவரை. தொகுப்பு மாடித் தரவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டு எண் இருந்தால் தளவரைபடத்தோடு ஒப்பிட்டு எது எது என்று சொல்லிவிடலாம். அதே வீடு முன்பு எந்த விலைக்குக் கைமாறியது என்பதையும் தொடர்ந்து பார்க்கலாம்.

எஸ்ஆர்எக்ஸ், எட்ஜ்புராப், 99.கோ, புராப்பர்ட்டிகுரு போன்ற தனியார் தளங்களும் விற்பனைத் தரவு, கேட்கும் விலை, கணினி மதிப்பு ஆகியவற்றைப் பல வடிவங்களில் தருகின்றன. விற்பனைத் தரவில் பெரும்பகுதி அதே அரசாங்க மூலங்களிலிருந்து வருவதுதான். இவற்றிடம் வாங்குவது வசதியை: வேகமான தேடல், வரைபடத்தில் ஒப்பீடு, அருகிலுள்ள பள்ளி, எம்ஆர்டி தூரம் போன்றவை. நேரம் மிச்சமாகிறது என்றால் அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இந்தத் துறையில் நிறுவனங்கள் கைமாறுவதும் உண்டு. 99 குழுமம் 2021ல் எஸ்ஆர்எக்ஸைத் தன்வசமாக்கியது. இன்று இருக்கும் திரையும் கட்டண முறையும் மூன்றாண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக் கோப்பு முறையை அமைக்கக்கூடாது.

தரவு சரியாக இருந்தும் வழிதவறும் இடங்கள்

ஒரு சேவையைச் சோதிக்க, பின்வரும் ஐந்து விவரங்களை அது எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள்.

கேவியட் கட்டாயமில்லை. அதைப் பதிவது வாங்குபவரின் விருப்பம். கடன் வாங்காமல் முழுத் தொகையும் கொடுத்து வாங்குபவர் சிலர் பதியாமலும் விடலாம். கடைவீட்டை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை ஒருவர் வாங்கினால், கட்டடத்தின் சொந்தக்காரர் பதிவில் மாறுவதில்லை. அந்த விற்பனை கேவியட் பட்டியலில் வராது. 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியா போன்ற இடங்களில் விற்பனைகளே குறைவு. அங்கே ஒன்று விடுபட்டாலும் படம் மாறிவிடும். இதற்கு எந்தச் சந்தாவும் முழுத் தீர்வு அல்ல. வட்டாரத்தைத் தெரிந்த மனிதர்களிடம் பேசியே ஆகவேண்டும்.

பரப்பளவு எதைக் குறிக்கிறது? தரைவீடுகளுக்குப் பட்டியலில் வருவது நிலப் பரப்பு. புதிதாக இடித்துக் கட்டிய மூன்று மாடி வீடும், அறுபது ஆண்டுப் பழைய ஒற்றை மாடி வீடும் ஒரே நிலப் பரப்பில் ஒரே வகையாகத் தெரியும். அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கல். 2023 ஜூன் 1 முதல் தாக்கல் செய்யப்பட்ட கட்டட விண்ணப்பங்களுக்கு, அரசாங்க அமைப்புகள் தளப்பரப்பு விளக்கத்தை ஒன்றாக்கின. குளிர்சாதனக் கருவி வைக்கும் மேடை, உயர்ந்த கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம் ஆகியவை இப்போது வீட்டின் பரப்பளவில் சேர்வதில்லை. பழைய திட்டங்களில் அவை சேர்ந்திருக்கும். ஓர் உதாரணம்: 1.6 மில்லியன் வெள்ளிக்கு விற்ற பழைய வீடு 1,000 சதுர அடி. அதில் 60 சதுர அடி குளிர்சாதன மேடை. பட்டியலில் சதுர அடிக்கு 1,600 வெள்ளி. மேடையைக் கழித்தால் ஏறக்குறைய 1,702 வெள்ளி. பழையதையும் புதியதையும் சதுர அடி விலையில் அப்படியே ஒப்பிட்டால், இல்லாத ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாகிவிடும்.

ஒரே கேவியட்டில் பல வீடுகள் இருக்கலாம். மொத்தமாக வாங்கிய விற்பனையில் எத்தனை வீடுகள் என்ற விவரம் தனிப்பத்தியில் இருக்கும். சில தளங்கள் அந்தப் பத்தியை மறைத்துச் சராசரி போடும்போது எண்கள் கெடும்.

எந்தத் தேதி? வீவக தரவில் வருவது மறுவிற்பனைப் பதிவு மாதம். உரிமைப் பத்திரத்துக்கு 21 நாள் கால வரம்பு உண்டு; அதன்பிறகே விண்ணப்பம். ஆக, விலை பேசப்பட்டது முந்திய மாதமாக இருக்கலாம். தனியார் விற்பனையிலும் பேச்சுக்கும் கேவியட்டுக்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடும். வேகமாக மாறும் சந்தையில் இந்த இடைவெளி முக்கியம்.

எந்த வகை விற்பனை? மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கிய புதிய வீடு, கட்டி முடியுமுன் கைமாறிய வீடு, மறுவிற்பனை வீடு ஆகிய மூன்றும் வேறு வேறு. புதிய விற்பனையில் கழிவு போன நிகர விலை தனியாகக் காட்டப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

ஒரு வாரச் சோதனை

சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் இலவச முன்னோட்டம் தரும். விற்பனையாளர் தேர்ந்தெடுத்த உதாரணங்களைப் பார்த்து மயங்கவேண்டாம். உங்கள் கோப்புகளிலிருந்து, உண்மை நிலவரம் ஏற்கெனவே தெரிந்த 10 சொத்துகளை எடுங்கள். உங்கள் வேலையின் கலவை எப்படியோ பட்டியலும் அப்படியே இருக்கட்டும். வீவக வீடுகள் பாதி என்றால் ஐந்து வீவக வீடுகள். மீதியில் கொண்டோமினியம், தரைவீடு, கடைவீடு, தொழிற்கூடம்.

ஒவ்வொன்றையும் அந்தச் சேவையில் தேடி, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். விற்பனை அங்கே இருக்கிறதா? விலை, பரப்பு, தேதி மூன்றும் சரியா? எண்ணின் மூலம் என்ன என்று அங்கேயே எழுதியிருக்கிறதா? உரிமைப் பத்திரம் நடப்புக்கு வந்த எத்தனையாவது நாளில் தளத்தில் தெரிந்தது? இரண்டு மூன்று சேவைகளை ஒரே பட்டியலால் ஒரே வாரத்தில் சோதித்தால், விளம்பரம் சொல்லாத வித்தியாசம் தெரிந்துவிடும்.

பத்தில் இரண்டு தவறினால் உடனே ஒதுக்கவேண்டும் என்பதில்லை. ஏன் தவறியது என்று கேளுங்கள். தெளிவான பதிலும் திருத்தமும் வந்தால் அது நல்ல அறிகுறி. “எங்கள் அமைப்பு தானாகவே செய்கிறது” என்ற பதில் மட்டும் வந்தால், பிற்காலத்தில் சிக்கல் வரும்போதும் அதே பதில்தான் கிடைக்கும்.

கையெழுத்திடுமுன் கேட்கவேண்டியவை

ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருப்பவற்றையும் படியுங்கள். தரவை மதிப்பீட்டு அறிக்கையில் அச்சிட்டு வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் கொடுக்க அனுமதி உண்டா? ஒரு சந்தாவை அலுவலகத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம்? மாதத்துக்கு எத்தனை பதிவிறக்கம்? சந்தா முடிந்தபின், முன்பு பதிவிறக்கியதை வைத்திருக்கலாமா? ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பிக்கப்படுமா? விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு?

இவற்றில் அறிக்கையில் சேர்க்கும் உரிமையும் வைத்திருக்கும் உரிமையும் மிக முக்கியம். ஒரு மதிப்பீடு சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகலாம். அன்று எந்த ஒப்பீடுகளை வைத்து முடிவுக்கு வந்தீர்கள் என்பதைக் காட்டவேண்டும். கேவியட்டுகள் தாமதமாகப் பதியப்படுவதால் இன்று செய்த அதே தேடல் நாளை வேறு பட்டியலைத் தரக்கூடும். தேடிய தேதியோடு முடிவைக் கோப்பில் சேமித்து வைப்பது நல்ல பழக்கம். உரிமையாளர்களின் பெயர், தொடர்பு விவரம் அடங்கிய தரவு என்றால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

செலவைப் பார்க்க ஓர் எளிய கணக்கு போதும். ஆண்டுக் கட்டணம் 2,400 வெள்ளி, ஆண்டுக்கு 120 அறிக்கைகள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அறிக்கைக்கு 20 வெள்ளி. அதே கட்டணத்தில் ஆண்டுக்கு 12 அறிக்கைகள்தான் என்றால் ஒன்றுக்கு 200 வெள்ளி. தனியாகத் தொழில் தொடங்கும் இளையர்கள், முதலாண்டில் இலவசத் தளங்களையும் ஓர் அதிகாரபூர்வச் சந்தாவையும் வைத்துத் தொடங்கி, எந்த வேலை அதிகம் வருகிறது என்று தெரிந்தபின் அடுத்ததைச் சேர்க்கலாம்.

வீடு வாங்குவோருக்கும் இதில் பங்கு உண்டு

மதிப்பீட்டாளர் அல்லாத வாசகர்களுக்கும் இந்தக் கேள்விகள் பயன்படும். முகவரோ உறவினரோ கைப்பேசியைக் காட்டி “இந்த வீட்டின் மதிப்பு இவ்வளவு” என்றால், அது விற்ற விலையா, கேட்கும் விலையா, கணினி மதிப்பா என்று கேளுங்கள். அதே புளோக், பக்கத்து புளோக்குகளில் கடந்த ஆறு மாதங்களில் விற்ற வீடுகளை நீங்களே இலவசத் தளத்தில் தேடிப் பாருங்கள். எஞ்சிய குத்தகையும் பரப்பளவும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். பேசும் விலை அவற்றைவிட மிக உயரமாக இருந்தால், மதிப்பு குறைந்து வரும் சாத்தியத்துக்கு ரொக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டே உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

தொடக்கத்தில் பார்த்த குடும்பம், 20,000 வெள்ளி ஏன் என்று தங்கள் மகனோ மகளோ கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டும். மதிப்பீட்டாளரிடம் கேட்டால் அவரும் ஒவ்வோர் ஒப்பீட்டையும் காட்டி, அது எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று விளக்கக்கூடியவராக இருக்கவேண்டும். அப்படி விளக்க உதவும் சேவைக்குக் கட்டும் சந்தா வீண் செலவாகாது.